மூன்றாவது அருவி

“நீ எப்போ பாத்தே?”

அண்ணி இந்தக் கேள்வியைப் போகிற போக்கில்தான் கேட்டாள். கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி நிற்கக்கூட இல்லை. தலையணை உறை ஒன்றின் மேல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, முகத்தை மட்டும் திருப்பிக் கேட்டாள். அறையிலிருந்த அத்தனை பேரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

கேட்டது மூன்றாவது அருவியைப் பற்றி. அவர்கள் வேலை பார்த்த சலவைக்கூடத்தில் வருடத்துக்கு ஒரு நாள் பாய்லரை அணைத்துவிட்டு, வெளியாட்கள் வந்து உள்ளே படிந்த உப்பைச் சுரண்டி எடுப்பார்கள். அன்றைக்கு வெந்நீர் கிடையாது, நீராவி கிடையாது, ஆகவே வேலையும் கிடையாது. அந்த ஒரு நாள் எல்லோரும் துணி மூட்டை ஏற்றும் வேனிலேயே ஏறிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் காட்டுக்குப் போவார்கள். காட்டுக்குள் ஓர் ஓடை. அதை ஒட்டியே மேலே நடந்தால் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று அருவிகள். போய்விட்டு வந்த கதையை அடுத்த வருடம் பாய்லர் அணைகிற வரைக்கும் சலிக்காமல் பேசுவார்கள். முதல் அருவி, இடுப்பளவு. இரண்டாவது, பரவாயில்லை ரகம். மூன்றாவதுதான் அருவி. அதன் முதுகுக்குப் பின்னால் குகை மாதிரி ஓர் இடம் இருக்கிறதாம். அதற்குள் போய் நின்றால் உலகமே தண்ணீருக்கு அந்தப் பக்கம் நெளிந்து நெளிந்து தெரியுமாம்.

விரிப்புகளை மடிக்கும் மேசைக்கு முன்னால் நின்றபடி, அந்தக் கேள்விக்கு ஆளானவள் இந்தக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பாள்! அந்தக் கூடத்தில் யாரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாய்லரைப் பார்ப்பவர் பாய்லர். பிய்ந்த பொத்தான்களைத் தைக்கிற பெண் பொத்தான். இஸ்திரி அறைக்குத் தலைமையாக நின்றவள் இவளுடைய அண்ணன் மனைவி என்பதால், அவளைவிட வயதில் பெரிய பாய்லர் உட்பட எல்லோருக்கும் அவள் அண்ணி. அந்தக் கணக்கில், விரிப்பு மடிக்கிற இவள் மடிப்பு. கேட்டுக் கேட்டு அந்தக் குகையில் தானே நின்றுவிட்டு வந்த மாதிரி ஓர் எண்ணம் மடிப்புக்குள் ஊறிப்போயிருந்தது. அந்த எண்ணத்தில்தான் அன்றைக்கு வாயைத் திறந்து, “இடது பக்கம்தானே தண்ணி கொஞ்சம் மெலிசா விழும்?” என்று சொல்லித் தொலைத்தாள்.

“நீ எப்போ பாத்தே?”

அவள் முதல் அருவியைத் தாண்டியதே கிடையாது. சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து ஒடிந்த இடது கால், சேரும்போது இரண்டு விரற்கடை குட்டையாகச் சேர்ந்துவிட்டது. அந்தக் குறையை ஈடுகட்ட இடது ஷூவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சோல் ஒட்டித் தைத்திருக்கும். வருடா வருடம் முதல் அருவிக்குப் பக்கத்தில் வேன் சத்தம் அடங்கியதும், “பைகளைப் பாத்துக்கறியா?” என்று யாராவது கேட்பார்கள். அவள் தலையாட்டுவாள். எல்லோருடைய பைகளும் அவளைச் சுற்றிக் குவியும். மாலையில் ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டு இறங்கி வருவார்கள். யாரும் அவளிடம் கடுமையாக நடந்ததில்லை. “பாவம், கால் வலிக்கும்” என்பார்கள். பாவம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரால் என்ன பேச முடியும்?

அன்றைக்கு விரிப்பின் நான்கு மூலைகளையும் சேர்த்து, கையால் ஒரு தடவு தடவி, அடுக்கின் மேல் வைத்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது. கேள்வி மட்டும் அடங்கவில்லை. அதை அப்படியே வருடம் முழுக்க மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பாய்லர் அணைக்கும் நாள் நெருங்கியபோது ஒரு மாலை, மூட்டைகளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் சொன்னாள்.

“அண்ணி, இந்த வருஷம் நானும் மேலே வரேன். மூணாவது வரைக்கும்.”

இஸ்திரிப் பெட்டி நின்றது. அண்ணியின் கைக்குக் கீழே ஒரு பெட்டி நின்றதை அந்த அறை பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டைக் காலரில் பழுப்பாக ஒரு நாக்கு விழுந்த பிறகுதான் அவள் அதைத் தூக்கினாள்.

“உனக்கென்ன பைத்தியமா? அது பாறையும் பாசியுமா இருக்கும். நாங்களே தட்டுத் தடுமாறிப் போறோம்.”

“மெதுவா வரேன் அண்ணி.”

“மெதுவா வந்தா இருட்டிடும். அப்புறம் உங்கண்ணன் என்னைத்தான் திட்டுவார்.”

அண்ணன் அங்கேதான் வாசல் வழியாக மூட்டைகளை வேனுக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தான். அவன் வாழ்நாளில் மனைவியைத் திட்டியதில்லை என்பது அந்தக் கூடத்தில் இருந்த நீராவிக் குழாய்க்குக்கூடத் தெரியும். அவன் தங்கையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மஞ்சள் ரிப்பன் கட்டிய ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நழுவினான்.

ரிப்பன் விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். துவைத்து வந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்து, கறை போகவில்லை என்றால் சிவப்பு ரிப்பன்; அது திரும்பவும் தொட்டிக்குப் போகும். எல்லாம் சுத்தம், வேலை முடிந்தது, எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்றால் மஞ்சள். அங்கே வேலை பார்ப்பவர்கள் யோசித்துப் பார்த்து நடப்பதில்லை. சிவப்பைக் கண்டால் கால் தானாக விலகும், மஞ்சளைக் கண்டால் தானாக அந்தப் பக்கம் போகும். எல்லோருடைய பையிலும் எப்போதும் இரண்டு நிறத்திலும் கொஞ்சம் ரிப்பன் சுருண்டு கிடக்கும். வீட்டில் கதவு ஆடினாலும், ஜடை பிரிந்தாலும் அதுதான்.

*

காட்டு வாசலில் ஒரு பலகை நின்றது. எழுத்தெல்லாம் மழையில் கரைந்து, படம் மட்டும் மிச்சம்: வளைந்து வளைந்து ஒரு நீலக் கோடு, அதன் குறுக்கே மூன்று வெள்ளைக் கீறல்கள். மடிப்பு அந்த மூன்றாவது கீறலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் அருவியருகே வழக்கம் போலப் பைகள் தோளிலிருந்து இறங்கின. பாய்லர் வந்ததும் வராததுமாக அவித்த முட்டைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்.

“பாய்லரை அணைச்சாலும் உங்க வயித்துல இருக்கற பாய்லர் அணையாது போலிருக்கே” என்றாள் பொத்தான்.

“முட்டை ஆறிப்போனா ரப்பர் மாதிரி ஆயிடும். மேலே தூக்கிட்டுப் போறதைவிட உள்ளே தூக்கிட்டுப் போறது சுலபம்.”

அண்ணி தன் பையை மடிப்பின் காலடியில் வைத்தாள். “பைகளைப் பாத்துக்கறியா? இங்கேயே நிழல் நல்லா இருக்கு. ரொட்டி இருக்கு, வாழைப்பழம் இருக்கு. உனக்குப் பிடிக்குமேன்னு வெள்ளரிக்காய்கூட நறுக்கிட்டு வந்திருக்கேன்.”

மடிப்பு குனிந்து அந்தப் பையை எடுத்தாள். எடுத்து, அண்ணியின் தோளிலேயே மாட்டிவிட்டாள். தன் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“வெள்ளரிக்காயை மேலே போய்ச் சாப்பிடலாம் அண்ணி.”

அண்ணியின் முகம் போன போக்கைப் பார்த்து பொத்தான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டாவது அருவி வரைக்கும் வழி நன்றாகவே இருந்தது. எத்தனையோ பேர் நடந்து நடந்து மண் இறுகிப்போயிருந்தது. ஓடை கூடவே வந்தது. மடிப்பு எல்லோருக்கும் கடைசியில் வந்தாள். அவளுடைய நடைக்கு ஒரு தாளம் உண்டு: வலது கால் சட்டென்று விழும், இடது கால் கொஞ்சம் யோசித்துத் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாரத்தை இறக்கும். தட்டையான தரையில் இந்தத் தாளம் பார்ப்பவர் கண்ணை உறுத்தும். அவள் அதற்குப் பழகியிருந்தாள்.

இரண்டாவது அருவி ஓர் ஆள் உயரம் இருக்கும். அகலமாக, சோப்பு நுரை பொங்கி வழிகிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. எல்லோரும் அவரவர்க்கென்று ஏற்கனவே பாகம் பிரித்து வைத்திருந்த மாதிரி, நேராகப் போய் ஆளுக்கொரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணி கூந்தலை அவிழ்த்தாள். அண்ணன் துண்டை விரித்தான்.

“ஆகா, வந்து சேந்தாச்சு!” என்றார் பாய்லர்.

அண்ணனின் முழங்கை அவர் விலாவில் இறங்கியது.

“அதாவது... பாதி வந்து சேந்தாச்சுன்னு சொன்னேன்.”

மடிப்பு மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள். “மூணாவதுக்கு எப்படிப் போகணும்?”

அண்ணி இந்தப் பக்கம் கையைக் காட்டினாள். அதே நொடியில் அண்ணன் அந்தப் பக்கம் கையைக் காட்டினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கையை இறக்கினார்கள்.

“அது என்ன தெரியுமா, மழை பெஞ்சு வழியெல்லாம் மாறியிருக்கும்” என்றாள் அண்ணி. குரலில் வழக்கமான கஞ்சி மொடமொடப்பு இல்லை. “நீ இங்கேயே இரு. நாங்க போய்ப் பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறோம். பைங்க இங்கேயே இருக்கட்டும்.”

“இல்ல அண்ணி. நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடியே வரேன்.”

அண்ணி அவிழ்த்த கூந்தலை மறுபடி முடிந்துகொண்டாள். அவளுக்கு வேறு வழி இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள். யாரையோ முந்துகிற மாதிரி அல்ல, யாரிடமிருந்தோ தப்பிக்கிற மாதிரி. மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள்.

அருவியின் பக்கவாட்டில் ஏறி மேலே வந்ததும் வழி மங்கிவிட்டது. இலைச் சருகும் பெரணியும் மூடிக்கிடந்தன. அங்கேதான் மரங்களில் ரிப்பன் தெரிந்தது. ஓடைக்குப் பக்கத்து மரங்களில் சிவப்பு. வலது பக்கத்துச் சரிவில், அடுத்தடுத்து மேலே ஏறிப்போகிற மரங்களில் மஞ்சள்.

யாரும் நின்று யோசிக்கவும் இல்லை. அத்தனை கால்களும் மஞ்சளைப் பார்த்து வலது பக்கம் திரும்பிச் சரிவில் ஏறின. பின்னால் வந்த மடிப்பின் கால்களும் அப்படியே திரும்பின.

சரிவு செங்குத்து. பொலபொலவென்று உதிர்கிற மண். வலது கால் ஏறியது. இடது கால் தொட்டுப் பார்த்து, நம்பி, பாரத்தை இறக்கிய இடம் அப்படியே பெயர்ந்து போனது. உட்கார்ந்த வாக்கில் சறுக்கிக்கொண்டு கீழே வந்து ஒரு வேரில் முட்டி நின்றாள். அடி படவில்லை. ஆனால் இடது ஷூ வாயைப் பிளந்திருந்தது. கூடுதல் சோல் முன்பக்கம் பிய்ந்து நாக்கு மாதிரித் தொங்கியது.

மேலே அவர்களுடைய பேச்சுச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போயிற்று. “அண்ணி!” என்று கூப்பிட்டாள். காடு அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது.

அவ்வளவுதான் என்று நினைத்தாள். இனி இரண்டாவது அருவிக்குத் திரும்பிப் போய் உட்கார வேண்டியதுதான். மாலையில் ஈரத் தலையோடு வருவார்கள். “பாவம், ஷூ பிஞ்சிடுச்சு” என்பார்கள். அடுத்த வருடம் முழுக்கக் கதை. நடுவில் அவள் வாயைத் திறந்தால் அதே கேள்வி. கண்ணில் நீர் முட்டியது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். யார் மேல் என்று தெரியாத கோபம்.

சருகு சரசரத்தது. பொத்தான் இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தாள்.

“அக்கா! உங்களைக் காணோமேன்னு வந்தேன். அடி கிடி பட்டுச்சா?”

“எனக்கு ஒண்ணுமில்ல. ஷூவுக்குத்தான்.”

பொத்தான் ஷூவைக் கையில் வாங்கிப் பார்த்தாள். தைக்கிறவள் பார்வை. “ஊசி இல்லையே. கட்டுனா தாங்கும்.” பையில் கையை விட்டாள். வந்தது ரிப்பன். சோலை அழுத்தி வைத்து, ஷூவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி இறுக்கி, மேலே முடிச்சுப் போட்டாள். மஞ்சள் ரிப்பன்.

மடிப்பு அந்த முடிச்சைப் பார்த்தாள். பிறகு சரிவில் இருந்த மரங்களைப் பார்த்தாள்.

“பொத்தான், அந்த ரிப்பனை யாரு கட்டியிருப்பாங்க?”

“யாரோ காட்டாளுங்க.”

“அவங்க எதுக்கு நம்ம இஸ்திரி அறைக் கணக்குல கட்டணும்?”

பொத்தான் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்து, “அடக் கடவுளே” என்றாள்.

“சத்தத்தைக் கேளு” என்றாள் மடிப்பு. ஓடை இடது பக்கம் சளசளவென்று பேசிக்கொண்டே இருந்தது. “அருவியிலேர்ந்துதானே இந்தத் தண்ணி வருது? தண்ணியை விட்டுட்டு மலை மேல ஏறினா அருவி எப்படி வரும்? நாம தண்ணி கூடவே போவோம்.”

“கரையெல்லாம் முள்ளா இருக்கேக்கா.”

“கரையில இல்ல. உள்ளே.”

*

தண்ணீர் கணுக்காலைக் கவ்வியதும் பொத்தான் ஐயோ அம்மா என்று அலறினாள். அப்படி ஒரு குளிர். அடியில் உருண்டைக் கற்கள், மேலே பாசி. பொத்தான் பத்தடி போவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டாள். பாவாடை தொப்பலாக நனைந்தது.

மடிப்பு விழவில்லை.

முதலில் அவள் அதைக் கவனிக்கவே இல்லை. ஒரு காலை வைத்து, மறு காலால் கல்லைத் தொட்டு, ஆடுகிறதா என்று பார்த்து, ஆடாவிட்டால் மட்டும் பாரத்தை மாற்றி... இப்படித்தானே வீட்டில், தெருவில், கூடத்து ஈரத் தரையில் சின்ன வயதிலிருந்து நடந்துகொண்டிருக்கிறாள்! ஓடைக்குள் எல்லோருமே நொண்டிதான். அதில் அவள் மட்டும் அனுபவசாலி.

“என் காலு வச்ச இடத்துலேயே காலு வை” என்றாள் பின்னால் திரும்பி. வாழ்க்கையில் யாரிடமும் அவள் சொல்லியிராத வார்த்தை. சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது.

கொஞ்ச தூரம் போனதும் ஓடை குறுகியது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்ப, தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பொத்தான் நின்றுவிட்டாள்.

“அக்கா, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“நான் சொன்னேன்னு அண்ணிகிட்ட சொல்லக் கூடாது.”

“சொல்லித் தொலை, தண்ணி இழுக்குது.”

“நாங்க யாருமே மூணாவதைப் பாத்ததில்லக்கா.”

ஓடை இரைந்தது.

“முதல் தடவை ரெண்டாவதுலேயே எல்லாருக்கும் மூச்சு வாங்கிடுச்சு. அங்கேயே குளிச்சிட்டு, சாப்பிட்டு, தூங்கிட்டு வந்துட்டோம். கீழே வந்ததும் நீங்க ஆசையாக் கேட்டீங்களா, மூணாவது எப்படி இருந்துச்சுன்னு? அண்ணி ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டாங்க. பாய்லரு குகையைச் சேத்தாரு. நான்தான் உலகம் நெளிஞ்சு தெரியும்னு...” பொத்தான் நனைந்த பாவாடை நுனியைப் பிழிந்தாள். “நீங்க கண்ணு ரெண்டும் விரிய விரியக் கேப்பீங்க. நிறுத்த முடியலக்கா.”

அந்தக் குகை. தண்ணீர் மெலிதாக விழும் அந்த இடது பக்கம். மடிக்கும் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு எத்தனை நாள் அதற்குள் போய் நின்றிருப்பாள். இப்போது எல்லாம் சோப்புக் குமிழி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக உடைந்தது.

“அப்போ மூணாவதுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?”

“தெரியாதுக்கா. பலகையில போட்டிருக்கு.”

மடிப்பு பாறைச் சுவர்களுக்கு நடுவே மேலே பார்த்தாள். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன என்று தெரியவில்லை. நீலக் கோட்டின் குறுக்கே ஒரு வெள்ளைக் கீறல், அவ்வளவுதான் அவள் கையில் இருக்கும் ஆதாரம். திரும்பிப் போனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் உடைந்துபோன குமிழிகளுக்குக் கீழே வேறு ஏதோ ஒன்று கொதிக்க ஆரம்பித்திருந்தது. முதலில் அது கோபம் மாதிரி இருந்தது. பிறகு சிரிப்பாக மாறி வாய்வரை வந்துவிட்டது.

“ஏன்க்கா சிரிக்கறீங்க?”

“இன்னும் யாரும் பாக்கலையா? அப்போ நல்லதாப் போச்சு” என்றாள். “முதல்ல நான் பாக்கறேன்.”

ரிப்பன் கட்டிய காலைத் தூக்கி அடுத்த கல்லில் வைத்தாள்.

வளைவுக்கு வளைவு தண்ணீரின் பேச்சு மாறியது. சளசளப்பு போய் இரைச்சலாயிற்று. இரைச்சல் போய், கூடத்தில் எல்லா இயந்திரமும் ஒன்றாகச் சுற்றுகிறபோது தரை வழியாகக் காலில் ஏறுமே, அந்த அதிர்வாயிற்று. ஓரிடத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே உடம்பைச் சாய்த்து, கையால் பிடித்து ஏற வேண்டியிருந்தது. மூட்டைகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய கைகள் அவளுடையவை. காலைப் பற்றியே எல்லோரும் பேசியதில் அந்தக் கைகளை அவளே மறந்துபோயிருந்தாள். ஏறிக்கொண்டு, பொத்தானுக்கும் கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

முகத்தில் சாரல் அடித்தது.

மூன்றாவது அருவி உச்சியிலிருந்து விழவில்லை. அண்ணாந்து பார்த்தால் பாறைச் சுவர் மொட்டையாக, காய்ந்து கிடந்தது. அதன் நடு வயிற்றில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளிருந்து, பெரிய சலவை இயந்திரத்தின் கழிவுக் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி, வெள்ளையாகத் தண்ணீர் பீறிட்டு, கொஞ்ச தூரம் வெறும் காற்றில் நடந்துவிட்டு, அப்புறம்தான் விழலாம் என்று முடிவு செய்து வளைந்து கீழே இறங்கியது. விழுந்த இடத்தில் பச்சைக் கண்ணாடியாக ஒரு குளம். குகையும் கிடையாது, திரையும் கிடையாது. நெளிகிற உலகமும் இல்லை. அவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து வருடக்கணக்கில் கற்பனை செய்தும் இந்த ஓட்டை ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

எந்த விரிப்பைக் கொடுத்தாலும் மூலைக்கு மூலை சேர்த்து மடித்துவிடுவாள். இதை என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா” என்றாள் பொத்தான் மெதுவாக. “நாங்க சொன்னது ஒண்ணுமே இல்ல.”

“ஒண்ணுமே இல்ல” என்றாள் மடிப்பு. சொல்லிவிட்டு, தொண்டை கிழிய ஒரு சத்தம் போட்டாள். வார்த்தை இல்லை, வெறும் சத்தம். கூடத்தில் யாரும் அவளுடைய குரலை இந்த உயரத்தில் கேட்டதில்லை. பாறைச் சுவர் அதை வாங்கி, சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டு, பெருக்கித் திருப்பிக் கொடுத்தது.

*

வெள்ளரிக்காய் அண்ணியின் பையில் போய்விட்டதால் மடிப்பின் பையிலிருந்த வெறும் ரொட்டியைத்தான் தின்றார்கள். அது இருக்கட்டும். தின்று முடித்து, தலை காய்ந்து, மறுபடி நனைந்து, வெயில் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நகர்ந்த பிறகுதான் முள்ளுக்குள்ளிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். முதலில் அண்ணன், சட்டையில் பாதி இல்லை. அடுத்து பாய்லர், தலையெல்லாம் சருகு. கடைசியில் அண்ணி. முகம் சிவந்து, கூந்தல் ஒரு பக்கமாகச் சரிந்து, கையில் பையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“எங்கே போயிட்டீங்க?” என்றாள் பொத்தான், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

“அதை ஏன் கேக்கறே” என்று பாய்லர் ஒரு பாறையில் பொத்தென்று விழுந்தார். “மஞ்சளைப் பிடிச்சுக்கிட்டே போனா, மேலே மரம் வெட்டற ஆளுங்க. வெட்ட வேண்டிய மரத்துக்குத்தான் மஞ்சளாம்! நடக்கற வழிக்குச் சிவப்பாம்! கோடாலியை வச்சுக்கிட்டு எங்களை ஏற இறங்கப் பாக்கறான். நான் கொஞ்சம் அசையாம நின்னிருந்தா என்னையும் ஒரு போடு போட்டிருப்பான்.”

“உங்களை வெட்ட ஒரு கோடாலி பத்தாது” என்றான் அண்ணன்.

பாய்லர் பதில் சொல்ல வாயெடுத்தவர், அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். அருவி கண்ணில் பட்டது. வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

“அடேங்கப்பா! இது ஓட்டைக்குள்ளேர்ந்தா வருது?”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். அருவி மட்டும் தன் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

வருடக்கணக்கில் ஒவ்வொரு முறையும் வந்து குளித்துவிட்டுப் போன அருவி. அதன் பின்னால் குகையில் நின்று உலகத்தைப் பார்த்த அருவி. எல்லோர் கண்களும் ஒன்றுசேர்ந்து மெல்ல மடிப்பின் பக்கம் திரும்பின. அவள் குளத்தின் ஓரத்துப் பாறையில், ஈரக் கூந்தலை முதுகில் விரித்துவிட்டு, கால்களைத் தண்ணீரில் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரிப்பன் கட்டிய ஷூ காய்ந்துகொண்டிருந்தது.

கேள்வி அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மூன்றே சொல். ஒரு வருடமாக மடிப்புக் கலையாமல் வைத்திருந்தது. ‘நீங்க எப்போ பாத்தீங்க?’ எடுத்து விரித்தால் போதும். அண்ணிக்கும் அது தெரிந்திருந்தது. நெற்றியில் ஒட்டிய சருகை எடுக்கக்கூடத் தோன்றாமல், அடி விழப்போகிற பிள்ளை மாதிரி நின்றாள். அவள் இப்படி நின்று மடிப்பு பார்த்ததே இல்லை. பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. அந்தச் சொல்லின் ருசி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும் என்பதால், வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தாள். இஸ்திரி அறைக் குரலை எங்கிருந்தோ தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சரி சரி, வந்தாச்சுல்ல? நேரமாகுது. சட்டுனு குளிச்சிட்டுக் கிளம்புவோம்.” தோளிலிருந்து பையை இறக்கினாள். அது பழகிய இடத்துக்கு, மடிப்பின் பக்கத்தில் போய் விழுந்தது. அண்ணன் துண்டும் பையும் அதன் மேல் விழுந்தன. பாய்லருடைய முட்டைப் பொட்டலமும். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. மஞ்சளைக் கண்டு திரும்பின கால்கள் மாதிரி, கைகள் தாமாகச் செய்துவிட்டன. “நீதான் குளிச்சிட்டியே. நாங்க வர்ற வரைக்கும் இந்தப் பைகளைப்...”

பாதியில் நின்றது.

மடிப்பு எழுந்தாள். தன் பையை எடுத்து அந்தக் குவியலின் மேல் வைத்தாள். அண்ணியின் பைக்குள் கையை விட்டு வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தாள். பிறகு மஞ்சள் ரிப்பன் கட்டிய ஷூவை, வேலை முடிந்த மூட்டைக்கு மேல் அடையாளம் வைப்பது போல, எல்லாவற்றுக்கும் உச்சியில் நேராக நிறுத்தி வைத்தாள்.

வெறுங்காலோடு தண்ணீருக்குள் இறங்கி, ஒவ்வொரு கல்லாகத் தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்து, அருவி விழுகிற இடத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தாள்.